சாமி வண்டி

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதை என் வீட்டில் இன்றுவரை யாரும் முழு மனதாக ஒப்புக்கொண்டதில்லை. லைசென்ஸ் இருக்கிறது. முதல் தடவையிலேயே பாஸானேன். ஆனாலும் என் வீட்டுக்காரர் அந்த அட்டையை ரேஷன் கார்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். அடையாளம் காட்டுவதற்கு ஆகும், ஓட்டுவதற்கு ஆகாது என்பது அவர் கட்சி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சைக்கிளைத் தாண்டி அவர் எதையும் ஓட்டியது கிடையாது. மதுரைக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டியபோது பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே மனை தேடிப் பிடித்தவர் அவர்தான். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கிறவர்களுக்குக் கார் எதற்கு என்று கேட்டுவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் லைசென்ஸை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தேன்.

நான் கணக்கு டீச்சர். நாங்கள் கத்தோலிக்கர்கள், படித்ததும் மிஷன் பள்ளிக்கூடம், வேலை பார்ப்பதும் மிஷன் பள்ளிக்கூடம். ஒரு மே மாதம் நிர்வாகத்திலிருந்து போன் வந்தது. டி. கல்லுப்பட்டியைத் தாண்டி உள்ளே இருக்கிற இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு ஜூன் முதல் தலைமையாசிரியையாகப் போகச் சம்மதமா என்று கேட்டார்கள். மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும், முடியாது என்றால் அடுத்து இருப்பவரைக் கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அடக்கமாகச் சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஆனால் ஒத்தக்கடை எங்கே, கல்லுப்பட்டி எங்கே. மாட்டுத்தாவணி ஒரு பஸ், அங்கிருந்து திருமங்கலம் ஒரு பஸ், அங்கிருந்து கல்லுப்பட்டி ஒரு பஸ், கடைசியாக ஒரு மினி பஸ். அந்த மினி பஸ் எப்போது வரும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது. ஒருநாள் விடியும் முன்னே கிளம்பி ஒத்திகை பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூடம் நடக்கிற நாளாக இருந்தால் காலை வழிபாடு முடிந்து முதல் பீரியடும் பாதி முடிந்திருக்கும். தலைமையாசிரியையே பிள்ளைகளோடு சேர்ந்து லேட்டாக வந்தால் அந்தப் பள்ளிக்கூடம் எப்படி உருப்படும்? வீட்டுக்காரர் வேலையும் எங்கள் மகளின் காலேஜும் மதுரைக்குள் இருந்ததால் வீட்டை அங்கே மாற்றவும் வழியில்லை. ஒன்று நான் கார் ஓட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையை விட வேண்டும்.

இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் வெகுநேரம் பஸ் ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "பழைய வண்டிதான் நமக்குக் கட்டும். பழைய வண்டின்னா எஃப்.சி. சுத்தமா இருக்கணும். அத முதல்ல பாரு," என்றார்.

எஃப்.சி. என்பது இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சோதித்துப் பார்த்துக் கொடுக்கிற சான்று. எங்கள் பக்கம் அதை 'எடுப்பது' என்று சொல்வது குறைவு, 'காட்டுவது' என்றுதான் சொல்வார்கள். வண்டியைக் கழுவிப் பெயிண்ட் தொட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்ப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் காட்டுகிற மாதிரி காட்ட வேண்டும். அவர்கள் பிரேக்கைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் சரி, இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். கார் வாசனையே இல்லாத மனிதர் இந்த வார்த்தையை எங்கே பிடித்தார் என்று எனக்கு ஆச்சரியம். சங்கத்துக்கு வந்து போகிற லாரிக்காரர்கள் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தேட ஆரம்பித்தோம். செல்போனில் பழைய கார் விளம்பரம் பார்த்தால் எல்லாமே டாக்டர் வண்டி. ஒரே ஓனர், டாக்டர் ஓட்டினது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தவிர எங்கேயும் போகாதது. மதுரை டாக்டர்கள் எல்லோரும் இப்படி வரிசையாகக் காரை விற்றுக்கொண்டிருந்தால் நோயாளியை எப்போது பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. அதில் ஒரு டாக்டர் வண்டியின் பின் கண்ணாடியில் மீன் கடை பெயரைச் சுரண்டிய அடையாளம் அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து போட்டிருந்த வெள்ளைக் கார் கண்ணில் பட்டது. டிக்கி வைத்த வண்டி, பதினொரு வருஷத்துப் பழசு. போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து இருவரும் கேட்டோம்.

"டீச்சர், நான் சுத்தி வளச்சுப் பேச மாட்டேன்," என்றார் அந்த மனிதர். "இது டாக்டர் வண்டி கிடையாது. சாமி வண்டி."

"சாமி வண்டியா?"

"ஆமா. வாங்குன நாள்ளருந்து சாமிமாருகதான் இதுல போயிருக்காக. கண்ட ஆளுக ஏறுன வண்டி இல்ல. பீடி, சிகரெட்டு, தண்ணி, கறிச்சோறு, எதுவும் இதுக்குள்ள வந்ததில்ல. வருசந் தவறாம எஃப்.சி. காட்டிருக்கேன். ஒருக்காக்கூடத் திருப்பி அனுப்புனதில்ல."

போனை வைத்ததும் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்களுக்குச் சாமி என்றால் பங்குச் சாமி. கோயிலில் பூசை வைக்கிற குருவானவர். பிறந்ததிலிருந்து "சாமி வாறாரு, எந்திரி" என்று கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆகவே இது பாதர் வண்டி. பூசைக்கும் நோயாளிக்கு மந்திரிக்கவும் மெதுவாகப் போய்விட்டு மெதுவாகத் திரும்பி வந்த வண்டி. டாக்டர் வண்டியெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

கறிச்சோறு விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடித்தது. எங்கள் பங்குச் சாமிக்கு ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் சோறு இறங்காது. இவர்கள் ஏதாவது கடுமையான சபையைச் சேர்ந்த சாமிகளாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறித் திருமங்கலம் போனோம். வண்டிக்காரர் எங்களைக் கூட்டிப்போக பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். என் வீட்டுக்காரர் வயசு இருக்கும். பரம்பரையாக விவசாயம், கூடவே டிரைவர் வேலையும் பார்க்கிறவர், இப்போது பெரிய வேன் ஒன்று வாங்கிவிட்டதால் இதைக் கொடுக்கப் போகிறாராம். அவர் வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நின்றது. சுற்றி வந்து பார்த்தேன். கூரையின் இரண்டு பக்கமும் கேரியர் மாட்டிக் கழற்றிய தழும்பு இருந்தது. திருவிழாவுக்கு ஆர்மோனியப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"முன்சீட்டுல எப்பவும் குருசாமிதான் உக்காருவாரு," என்றார் அவர். "மத்த சாமிக எல்லாம் பின்னாடி."

"குருன்னா முன்னாடிதான உக்காரணும்," என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னார்.

"சீசன்னா கார்த்திகையும் மார்கழியும்தான் சார். அந்த ரெண்டு மாசமும் வண்டி வீடு தங்காது."

கிறிஸ்மஸ் காலம். எங்களுக்குத் தெரியாதா? "ஆமாண்ணே," என்று வீட்டுக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். "அப்பத்தான சாமிகளுக்கு வேல சாஸ்தி."

"சார் போயிருக்கீகளா?"

"வருசந் தவறாமப் போவோம். குடும்பத்தோட."

"குடும்பத்தோடயா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சரையுமா கூட்டிப் போனீக?"

"பின்ன? பாட்டே இவதான் முன்ன நின்னு பாடுவா."

அந்த மனிதர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். கேட்பதா வேண்டாமா என்று அவர் வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு நமக்கெதுக்கு வம்பு என்கிற மாதிரி பானட்டைத் திறந்து, "மலை ஏத்தத்துல இந்த இஞ்சின் ஒருக்காக்கூட மூச்சு வாங்குனதில்ல பாத்துக்குருங்க," என்றார். சாமிமார்கள் தியானத்துக்குக் கொடைக்கானல் போவது வழக்கம். அதுவும் எங்களுக்குப் பொருந்தித்தான் வந்தது. இத்தனையும் பொருந்தும்போது மனிதனுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

"எஃப்.சி. பேப்பரப் பாக்கலாமாண்ணே?" என்றேன்.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து பெருமையோடு கயிற்றுக் கட்டிலில் பரப்பினார். சொன்னது பொய்யில்லை. வருஷத்துக்கு வருஷம் காட்டித்தான் இருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. லைசென்ஸுக்காக நான் வரி விடாமல் படித்த புத்தகம் ஞாபகம் வந்தது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காருக்குப் பதினைந்து வருஷம் வரைக்கும் எஃப்.சி.யே கிடையாது. பதினைந்து முடிந்த பிறகுதான் முதல் தடவையாகக் காட்ட வேண்டும். பதினொரு வருஷத்து வண்டிக்கு இத்தனை எஃப்.சி. எதற்கு?

"அண்ணே, ஓன் போர்டு வண்டிக்கு எதுக்கு வருசா வருசம் எஃப்.சி. காட்டுனீங்க?"

"ஓன் போர்டா? இது டி போர்டா ஓடுனதுதான டீச்சர். மஞ்சப் பலகை. டாக்ஸி. போன வருசந்தான் வெள்ளப் பலகையா மாத்துனேன். ஆர்.சி.யில எல்லாம் இருக்கே."

"டாக்ஸியா? சாமி வண்டின்னு சொன்னீங்களே?"

"ஆமா, சாமி வண்டிதான். ஐயப்பசாமிமாருக. சபரிமலைக்கு இந்தப் பக்கத்துல நம்ம வண்டிதான் ராசியான வண்டி."

வீட்டுக்காரர் கேரியர் தழும்பை ஏறிட்டுப் பார்த்தார். கூரை நிறைய இருமுடி மூட்டையோடு அந்தக் கார் மலை ஏறுவது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"நீங்க எந்தச் சாமிய நெனச்சீக?" என்றார் அவர்.

சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதான பாத்தேன். டீச்சரு மலையில முன்ன நின்னு பாடுனாகண்டு சார் சொல்லவும் எனக்குக் கொல நடுங்கிப்போச்சு," என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரருக்கு மட்டும் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் புலம்பிக்கொண்டே வந்தார். டாக்ஸி என்றால் ஓட ஓட அடித்த வண்டி. நம் தலையில் கட்டப் பார்த்தான். நல்லவேளை, நீ பேப்பரைக் கேட்டாய். வண்டிக்காரர் பொய் சொல்லவில்லையே என்றேன் நான். எனக்கு வண்டிக்காரர் மேல் கோபமே வரவில்லை. மே மாதத்தில் இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது, அதுதான் கவலை. கப்பலூர் தாண்டும்போது, பேசாமல் நிர்வாகத்துக்கு முடியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்தது. வெயிலுக்குக் கண் கூசுவதாகச் சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து நான் வெளியே வருவதற்குள் வீட்டுக்காரர் இந்தக் கதையை எங்கள் பங்குச் சாமியிடம் சொல்லியிருந்தார். சாமிக்கு அறுபது வயசு, தொப்பையும் உரத்த குரலுமாக எப்போதும் சந்தோஷமாக இருப்பவர். கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்துவிட்டு, "ஏன் டீச்சர், உண்மையான சாமி வண்டி இங்கன நிக்குதே. எனக்குப் புது வண்டிக்கு அனுமதி வந்துருச்சு. இத நீங்களே எடுத்துக்கங்க," என்றார்.

வீட்டுக்காரர் இதற்காகவே பூசைக்கு வந்தவர் போல மேலே பார்த்தார். இதுதான் ஆண்டவர் சித்தம் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இனிமேல் எந்தக் கேள்வியும் கேட்காதே என்றும் அதே முகத்தில் எழுதியிருந்தது.

ஆனால் எனக்கு அதற்குள் கேள்வி கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. பங்குச் சாமி வீட்டுக்குப் பின்னால் கார் நின்றது. நான் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தேன், சாமி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார், வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"சாமி, இது வாங்கி எத்தன வருசமாச்சு?"

"எனக்கு முந்தி இருந்த சாமிக்கும் முந்தி இருந்த சாமி வாங்குனது."

"அப்ப பதினஞ்சு தாண்டிருக்குமே. எஃப்.சி. காட்டியாச்சா?"

"அது வந்து… காட்டணும்."

"கடைசியா பிரேக்கத் தெறந்து பாத்து எம்புட்டு நாளாச்சு?"

சாமி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன டீச்சர், பாவசங்கீர்த்தனத் தொட்டியில உக்காந்து நான் கேக்குற மாதிரியே கேக்குறீக?"

"பதில் சொல்லுங்க சாமி."

"நாளாச்சு," என்றார் அவர், அங்கே முழங்கால் போட்டுத் தங்கள் பாவத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் சொல்கிற அதே குரலில்.

"இதுல என்னென்ன ஏத்திருக்கீங்க?"

"கிளைப்பங்கு ஊருல மாதா சிலைக்குக் கெபி கட்டுனப்ப சிமெண்டு மூட்ட ஏத்துனேன். கொஞ்சம் ஜல்லியும் ஏத்துனேன். ஓடை வழியாத்தான போகணும், அதுல ரெண்டு மூணு தடவ அடி தட்டுச்சு."

"போலீஸ்காரங்க எஃப்.சி. கேக்கலையா?"

"அங்கியப் பாத்ததும் சலாம் வச்சு அனுப்பிருவாக."

"என்கிட்ட அங்கி இல்லையே சாமி," என்றேன்.

சாமி சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முந்தைய நாள் வராத சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் வண்டியைக் கிளப்பிக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினேன். மூன்று தடவை மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. திருப்பத்தில் சாமி பக்கத்துக் கதவு தானாகத் திறந்தது. அவர் பழகிய கையால் அதைச் சாத்திக்கொண்டு, "இத நான் காயலாங்கடைக்கே போட்டுர்றேன் டீச்சர். உங்களுக்குக் குடுத்துட்டு எனக்குத் தூக்கம் வராது," என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்பதற்காக ஒருநாளும் பரீட்சை எழுதாமலே அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பையன் மாதிரி இருந்தது பாதர் வண்டி. அந்த டாக்ஸியோ வருஷா வருஷம் பரீட்சை எழுதியிருக்கிறது. ஓட ஓட அடித்த வண்டிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடிபட்டதை வருஷத்துக்கு ஒருதடவையாவது யாரோ ஒருவர் குனிந்து பார்த்திருக்கிறார். நான் வாத்தியார் வேலை பார்க்கிறவள். எனக்கு எது பிடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"திருமங்கலத்துக்கு மறுபடி போகலாங்க," என்றேன்.

வீட்டுக்காரர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தக் கதவு தெறந்தப்ப எனக்கு உசிரே போயிருச்சு. சரி, போவோம். ஆனா நல்லாக் கேளு. சாமியக் கேட்ட மாதிரி கேளு," என்றார்.

கேட்டேன். பேப்பர்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்துப் பார்த்தபோது நடுவில் ஒரு வருஷம் மட்டும் எஃப்.சி. கொஞ்ச நாள் தள்ளிப் போயிருந்தது. அந்த வருஷம் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு வண்டிக்காரர் காதைச் சொறிந்தார்.

"அது… ஹேண்ட்பிரேக்கு பிடிக்கலண்டு திருப்பி அனுப்பிட்டாக டீச்சர். புதுசு போட்டுத்தான் மறுக்காக் காட்டுனேன். போன்ல சொன்னா நீங்க வரமாட்டீகளேண்டு அத மட்டும் விட்டுட்டேன்."

"திருப்பி அனுப்புனாங்கள்ல, அதான்ண்ணே எனக்கு வேணும்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. எல்லாரையும் பாஸ் போடுகிற பள்ளிக்கூடத்தின் மார்க் சீட்டை நான் நம்ப மாட்டேன் என்று சொன்னேன். அதன்பிறகு நான் கேட்காததையும் அவர் சொல்ல ஆரம்பித்தார். கிளட்ச் மாற்றியது, பம்பையில் பின்பக்கம் ஒரு தென்னையில் இடித்தது, ஏ.சி. மத்தியானத்தில் கொஞ்சம் சண்டித்தனம் செய்வது, எல்லாவற்றையும். பட்டறையில் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொன்னோம். வண்டி மேல் கடன் எதுவும் இருக்கிறதா, போலீஸ் ஃபைன் எதுவும் கட்டாமல் கிடக்கிறதா என்று செல்போனிலேயே நம்பரைத் தட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை.

பிறகு நான் ஓட்டினேன். பக்கத்தில் வண்டிக்காரர், பின்னால் வீட்டுக்காரர். நான்குவழிச் சாலையில் ஏறினேன். ஒரு லாரி உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. வீட்டுக்காரர் ஜெபமாலையில் எத்தனையாவது மணியில் இருந்தார் என்று தெரியாது, முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

"டீச்சர், ஹாரன் அடிங்க," என்றார் வண்டிக்காரர். "பரீச்ச ஹாலுக்குள்ள நடக்குற மாதிரி இம்புட்டு அமைதியாப் போனா ஒருத்தனும் வழி விட மாட்டான்."

அடித்தேன். முன்னால் போன ஆட்டோ ஒதுங்கியது. எனக்காக ஒன்று ஒதுங்குவது அதுவே முதல் தடவை. மறுபடியும் ஒருமுறை, தேவையே இல்லாமல், அடித்துப் பார்த்தேன். இத்தனை வயசுக்கு மேல் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே ஓரமாக நிறுத்தி, இறங்கி, புளியமரத்தடியில் நின்று நிர்வாகத்துக்கு போன் போட்டேன். "நான் வாரேன்," என்றேன். எப்படி வருவீர்கள் டீச்சர், ரொம்ப தூரமாயிற்றே என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "ஓட்டிட்டு வாரேன்," என்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு மைதானத்தை ஒரு சுற்று நடந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். மணி அடித்தது. வழிபாடு முடிந்து வகுப்புக்குக் கலைந்துகொண்டிருந்தபோது மினி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து மூன்று டீச்சர்கள் இறங்கி ஓடி வந்தார்கள். மூன்று பேரும் திருமங்கலத்திலிருந்து வருகிறவர்கள். ஈரத் தலை, கையில் டிபன் பை, ஒருத்தருக்குச் செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும் ஓட்டம் நின்று, முகம் செத்துவிட்டது. இருபது வருஷம் அந்த முகத்தோடு நான் இன்னொரு வாசலில் போய் நின்றிருக்கிறேன். அதட்டல் வாங்கியிருக்கிறேன்.

"டீச்சர், பஸ்ஸு…" என்று ஒருத்தர் ஆரம்பித்தார்.

"தெரியும். முதல்ல தண்ணி குடிங்க, அப்புறம் கையெழுத்துப் போடலாம்," என்றேன். "நாளைலருந்து திருமங்கலம் ஸ்டாப்புல நில்லுங்க. நான் அந்த வழியாத்தான் வாரேன். ஏறிக்கங்க."

"எதுல டீச்சர்?"

வேப்பமரத்தடியைக் காட்டினேன். மூன்று பேரும் வண்டியைப் பார்த்தார்கள்.

"டிரைவர் யாரு டீச்சர்?"

"நான்தான்."

செருப்பைக் கையில் வைத்திருந்தவர் மற்ற இருவரையும் பார்த்தார். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றோம் டீச்சர்," என்றார்.

மறுநாள் காலை திருமங்கலம் ஸ்டாப்பில் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஹாரன் அடித்து, ஓரம் கட்டி, கதவைத் திறந்துவிட்டேன். ஏறுவதற்கு முன்னால் மூன்று பேரும் நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர்களில் கிறிஸ்தவர் ஒருவர்தான்.